பாண்டியில செட்டில் ஆகலாமா? வீடு பார்க்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது என்னென்ன?

சனிக்கிழமை காலையில ஈ.சி.ஆர்ல கிளம்பி, சாயங்காலம் காந்தி சிலை பக்கம் காத்து வாங்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னை திரும்புற வழியில பல பேருக்கு வர்ற யோசனை ஒண்ணு உண்டு. "பேசாம பாண்டியிலயே செட்டில் ஆகிட்டா என்ன?"

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், சின்னதா ஒரு கஃபே அல்லது ஹோம்ஸ்டே ஆரம்பிக்க நினைப்பவர்கள் எனப் பலரும் இந்தக் கேள்வியோடு இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. தூரம், தமிழ் பேசுகிற ஊர், கடல், பெரிய மருத்துவமனை, நல்ல சாப்பாடு என எல்லாம் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் தங்குகிற ஊரும், இரண்டாயிரம் நாள் வாழ்கிற ஊரும் ஒன்றல்ல. அதிலும் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போவது வெறும் ஊர் மாற்றம் இல்லை, மாநில மாற்றம். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

என்னென்ன கவனிக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: நீங்க பார்க்கிற வீடு எந்த மாநிலத்துல இருக்கு?

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒரே துண்டு நிலம் கிடையாது. காரைக்கால், மாஹே, ஏனாம் தனித்தனியாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரி பகுதியே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு ஆட்சிக்கால எல்லைகள் அப்படியே தொடர்வதுதான் காரணம்.

உதாரணத்துக்கு, ஊருக்குள்ளிருந்து வடக்கே ஈ.சி.ஆரில் போனால் முத்தியால்பேட்டை வரை புதுச்சேரி. அதைத் தாண்டியதும் வரும் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. 'செரினிட்டி பீச்' என்று இன்ஸ்டாகிராமில் பிரபலமான தந்திராயன்குப்பம் கடற்கரையும் தமிழ்நாடுதான். பொம்மையார்பாளையமும் அப்படியே. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு திரும்பவும் புதுச்சேரி. ஆரோவில் பகுதியின் பெரும்பாலான நிலமும் தமிழ்நாட்டு எல்லைக்குள்தான் வருகிறது.

வீட்டுத் தரகர் எல்லாவற்றையும் சேர்த்து "பாண்டி"ன்னுதான் சொல்வார். ஆனால் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளிக்கூடம், மின்கட்டணம், பத்திரப்பதிவு எல்லாமே அந்த எல்லைக்கோட்டைப் பொறுத்து மாறும். வீட்டு வரி ரசீது அல்லது மின்கட்டண ரசீதை வாங்கிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லை தாண்டினா என்ன மாறும்?

*பிள்ளைகள் படிப்பு:* இதுதான் ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் 2021-ல் விரிவாக்கப்பட்டது. 9-ம் வகுப்பு படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையை நடுவில் புதுச்சேரி பள்ளிக்கு மாற்றினால் இந்தத் தகுதி போய்விடும்.

புதுச்சேரியிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10% ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கு அந்த ஊர்க்காரர் என்று காட்ட வேண்டும். குடியிருப்புச் சான்றுக்குப் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். 9-ம் வகுப்பில் போன பிள்ளை 12-ஐ முடிக்கும்போது 5 ஆண்டு ஆகியிருக்காது. அதாவது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

பாடத்திட்டமும் வேறு. முன்பு புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றின. இப்போது புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. சமச்சீர் கல்வியில் படித்த பிள்ளை நடுவில் மாறினால் ஓராண்டாவது தடுமாறும் என்பதைக் கணக்கில் எடுக்கணும்.

*சாதிச் சான்றிதழ்:* இடஒதுக்கீட்டுப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழை வைத்து அங்கே அப்படியே சலுகை கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வருவாய்த்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது நல்லது.

*அரசுத் திட்டங்கள்:* தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை தமிழ்நாடு ரேஷன் கார்டோடு இணைந்தது. கார்டை மாற்றினால் அது நிற்கும். புதுச்சேரிக்குத் தனித் திட்டங்கள் உண்டு. ஆனால் தகுதி விதிகள் வேறு, புதிதாக வந்தவருக்கு உடனே கிடைக்காது.

*கரண்ட் பில்:* தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். புதுச்சேரிக்கு அது பொருந்தாது. அங்கே கட்டணத்தை நிர்ணயிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பழைய குடித்தனக்காரரின் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் செலவு பிடிபடும்.

*வண்டி:* டி.என். நம்பர் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கணும், புதிய இடத்தில் சாலை வரி கட்டணும். பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பது ஆறுதல்.

*ஓட்டு:* வீடு மாறினால் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "கோட்டக்குப்பத்துல வீடு எடுத்துட்டு பாண்டிக்கு வந்து போயிக்கலாம்" என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. பிள்ளை தமிழ்நாடு அரசுப் பள்ளியில் படித்தால் அது விவரமான முடிவுதான்.

வாடகை ஏன் இவ்வளவு ஏறுது?

சுற்றுலா ஊர்களின் அடிப்படைச் சிக்கல் இது. கோவா முதல் கொடைக்கானல் வரை ஒரே கதைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடற்கரைக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. மாத வாடகைக்கு விட்டால் உரிமையாளருக்கு 18,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே நாள் வாடகைக்கு 3,000 ரூபாய்க்கு விட்டால், மாதத்தில் 10 நாள் ஆள் வந்தாலே 30,000. துப்புரவு, தரகு எல்லாம் போக மிச்சம் பார்த்தாலும் உரிமையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள்.

அதனால் என்ன ஆகிறது? சுற்றுலாப் பயணிகள் விரும்பும் தெருக்களில் மாத வாடகைக்கு வீடு கிடைப்பது குறைகிறது. கிடைத்தாலும், டிசம்பர் சீசனுக்கு முன்னால் "வீட்டைக் காலி பண்ணிக்கொடுங்க" என்று கேட்கும் ஆபத்து இருக்கிறது. அதே தெருவில் பல ஆண்டுகளாகக் குடியிருந்த உள்ளூர்க் குடும்பங்களும் வில்லியனூர், அரியாங்குப்பம் மாதிரி தள்ளியிருக்கும் பகுதிகளுக்கு நகர வேண்டியிருக்கும். வெளியூரிலிருந்து அதிக வாடகை கொடுக்கத் தயாராக வருபவர்களும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். குடியேற நினைப்பவர்கள் இதையும் மனதில் வைப்பது நல்லது.

ஒயிட் டவுன் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பார்க்க அழகு, குடியிருக்கச் சிரமம். பார்க்கிங் கிடைக்காது, வார இறுதியில் கூட்டம், இரவில் சத்தம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்குத் தடை. நடக்க வருபவருக்கு அது வரம். அங்கேயே குடியிருந்து ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியவருக்கு அது வேறு கதை. நிரந்தரமாக வாழ்பவர்கள் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், முத்தியால்பேட்டை என உள்ளே தள்ளியே வீடு பார்ப்பது இதனால்தான்.

வேலை, வருமானம் எப்படி?

சம்பளம் வேறு ஊரிலிருந்து வருகிறது, வேலை லேப்டாப்பில் நடக்கிறது என்றால் பெரிய சிக்கல் இல்லை. இணைய இணைப்பையும், மின்தடை எவ்வளவு என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் போதும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் சென்னை அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு வழிக்கு மூன்று, நான்கு மணி நேரம் போகும். ரயில் சேவை குறைவு. விமான நிலையம் சின்னது.

அங்கேயே வேலை தேடுபவர்கள் கவனமாக இருக்கணும். ஹோட்டல், உணவகம், டூர் தொழில் எல்லாம் வார இறுதியையும் விடுமுறையையும் நம்பியவை. திங்கள் முதல் வியாழன் வரை டல் அடிக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் இன்னும் குறையும். 2020 ஊரடங்கின்போது சுற்றுலா ஊர்கள் எப்படி ஒரே வாரத்தில் முடங்கின என்பதை மறந்துவிட முடியாது.

கஃபே, ஹோம்ஸ்டே கனவோடு போகிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. புத்தாண்டு கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மழை பெய்யும் நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை மதியம் அந்தத் தெருவில் எத்தனை மேசை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையில் வாடகையும் சம்பளமும் கட்டுப்படியானால் மட்டுமே தொழில் நிற்கும்.

கடல் பக்கத்துல வீடு வாங்கலாமா?

வாடகைக்கு இருப்பதும் சொந்தமாக வாங்குவதும் வேறு வேறு. வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயங்கள்.

*ஒன்று, கடல் அரிப்பு.* 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். சுவர் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டது. வடக்கே மணல் வரத்து குறைந்து, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. கடற்கரைச் சாலை நெடுக நீங்கள் பார்க்கும் கருங்கற்கள் ரசிப்பதற்காகப் போட்டவை அல்ல, ஊரைக் காப்பாற்றப் போட்டவை.

கல் போட்ட இடத்தில் அரிப்பு நின்றது. ஆனால் பிரச்சினை அதற்கும் வடக்கே, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. வீடுகளையும் வலை காயப்போடும் மணல்பரப்பையும் அவர்கள் இழந்தார்கள். பின்னர் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டு, தலைமைச் செயலகம் எதிரே மணல் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆக, இன்று மணல் இருக்கிறது என்பதற்காக இன்னும் 20 வருடம் கழித்தும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த இடம் எப்படி இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம், குறிப்பாக மீனவர்களிடம் கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்தையும் பார்க்கலாம்.

*இரண்டு, சட்டம்.* அதிகபட்ச அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இதற்குள் எங்கே எதைக் கட்டலாம் என்பதற்குத் தனி விதிகள். வளர்ந்த நகரப் பகுதியில், ஏற்கெனவே இருக்கும் சாலை அல்லது அனுமதி பெற்ற கட்டடத்துக்கு நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்ட முடியும். ஊரகப் பகுதியில், 2019 அறிவிக்கையின்படி மக்கள் அடர்த்தி அதிகமான இடங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை மண்டலம். "பட்டா கிளியரா இருக்கு சார்" என்பது வேறு, "இங்க கட்ட அனுமதி உண்டு" என்பது வேறு. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அந்த சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

*மூன்று, ஆரோவில் பக்கத்து நிலம்.* ஆரோவில்லின் சொத்துகள் 1988-ம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த ஆரோவில் அறக்கட்டளையைச் சேர்ந்தவை. அவற்றைத் தனியாருக்கு விற்க மாட்டார்கள். இடையிடையே தனியார் நிலங்களும் உண்டு. "ஆரோவில் பிளாட்" என்று யாராவது விளம்பரம் செய்தால், அது அருகில் இருக்கும் தனியார் நிலம் என்றுதான் அர்த்தம். அதை வாங்கினால் ஆரோவில்வாசி ஆகிவிட முடியாது. அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது.

புயல் வந்தா?

2011 டிசம்பர் 30-ல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என இந்தக் கடற்கரை புயலுக்குப் புதிதல்ல. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

அப்போது ராணுவம் வந்து மக்களை மீட்ட கிருஷ்ணா நகர், கடலை ஒட்டிய இடம் அல்ல. தாழ்வான பகுதி, தண்ணீர் வடிய வழியில்லை, அவ்வளவுதான். அடுத்த நாட்களில் தென்பெண்ணை ஆற்று வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. "கடல்லருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கோம், பயமில்ல" என்பது பாதி உண்மை மட்டுமே. வீடு பார்க்கும்போது, "ஃபெஞ்சல் அப்ப இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று எதிர்வீட்டில் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

தண்ணி, துரு, ஆஸ்பத்திரி

நகரின் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியது. கடலோரத்தில் அதிகமாக உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே வரும். குழாய்த் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் சோதித்துப் பாருங்கள். இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்குமே வித்தியாசம் இருக்கலாம்.

உப்புக்காத்து ஏ.சி.யின் வெளிப்புற யூனிட், பைக் செயின், ஜன்னல் கம்பி, கேட் எதையும் விடாது. கடலுக்கு நெருக்கமான வீட்டில் பெயிண்ட், பழுது பார்ப்பு என்று ஆண்டுதோறும் தனியாக ஒரு தொகை ஒதுக்கணும். பழைய வீடு என்றால் கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

மருத்துவத்தில் புதுச்சேரிக்குக் கூடுதல் மதிப்பெண். மத்திய அரசின் ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது, வெளிமாநில நோயாளிகளும் வருகிறார்கள். அதனாலேயே கூட்டமும் காத்திருப்பும் அதிகம். கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் கடலுக்குப் பக்கமா என்பதைவிட ஆஸ்பத்திரிக்குப் பக்கமா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அப்போ யாரு போகலாம்? யாரு யோசிக்கணும்?

- வேறு ஊரிலிருந்து நிலையான வருமானம் அல்லது ஓய்வூதியம் வருகிறது, பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லை: தாராளமாக முயற்சி செய்யலாம்.
- பிள்ளை இன்னும் தொடக்கப் பள்ளியில்: இப்போதே முடிவெடுத்தால் 5 ஆண்டு குடியிருப்பு, பாடத்திட்டம் இரண்டும் சமாளிக்கக்கூடியவை.
- பிள்ளை 8 முதல் 12-ம் வகுப்புக்குள், அதுவும் தமிழ்நாடு அரசுப் பள்ளியில்: படிப்பு முடியட்டும். இல்லையென்றால் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே வீடு பாருங்கள்.
- அங்கே போய்த்தான் வேலை தேடணும்: குறைந்தது ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.
- சேமிப்பு மொத்தத்தையும் போட்டு ஹோம்ஸ்டே: முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து, ஒரு மழைக்காலத்தையும் ஒரு சீசனையும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ட்ரையல்

அனுபவப்பட்டவர்கள் சொல்லும் வழி சுலபமானது. சொந்த ஊர் வீட்டைக் காலி செய்யாமல், ரேஷன் கார்டை மாற்றாமல், ஒரு மாதம் மட்டும் அங்கே வாடகைக்கு இருந்து பார்ப்பது. ஆனால் எந்த மாதம் என்பதில்தான் விஷயம். ஜனவரி, பிப்ரவரியில் போனால் எந்தக் கடற்கரை ஊரும் சொர்க்கமாகத்தான் தெரியும். மே மாத வெயிலிலோ நவம்பர் மழையிலோ போய் இருங்கள். பீச்சுக்குப் போவதைவிட ரேஷன் கடை, பேங்க், மருந்துக்கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு நீண்ட வார இறுதியில், ஊரே நிரம்பி வழியும்போது காய்கறி வாங்கப் போய் வாருங்கள்.

ஒரு மாதம் கழித்தும் "இங்கேயே இருக்கலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னால், பிறகு பேசி முடிவு பண்ணிக்கலாம். ஒருத்தருக்கு மட்டும்தான் அந்த ஆசை என்றால், வீக்கெண்ட் டிரிப்பே போதும். 150 கி.மீ.தானே, நினைத்தபோது போய்வரலாம்.